அப்பாவுக்குப் போட்ட கையெழுத்தும், அக்காவோட அஞ்சு பவுனும்

தம்பின்னு கூப்பிடுறேன், கோவிச்சுக்காதீங்க. 34 வயசுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, நான் ரிட்டயர் ஆகியே ரொம்ப நாளாச்சு. கேள்வியை முழுசா வாசிக்காதவங்களுக்காக மொதல்ல சுருக்கமா சொல்லிர்றேன். அப்பாவுக்கு 71 வயசு, மூளையில ரத்தக்கசிவு, மதுரையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில 11 நாள் வென்டிலேட்டர்ல இருந்தாரு. இனிமே முன்னேற்றம் இருக்காதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க, கையில இருந்த காசும் தீந்துபோச்சு, நீங்கதான் கையெழுத்துப் போட்டு திருமங்கலம் பக்கம் உங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்தீங்க, அன்னைக்கு ராத்திரியே தவறிட்டாரு. ஒன்றரை வருஷமாச்சு. 'நான் அப்பாவைக் கொன்னுட்டேனா, கர்த்தர் என்னை மன்னிச்சாரா இல்லையான்னு எப்படித் தெரியும், எத்தனை தடவ பாவ அறிக்கை சொல்லியும் மனசு ஆறல, திருவிருந்துக்குப் போயி முழங்கால் போடவே பயமா இருக்கு'ன்னு கேட்டிருக்கீங்க. (திருவிருந்துன்னா சர்ச்சுல அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கிற ஆராதனை.)

நீங்க நெசமா கேக்குறது என்னன்னு நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: உள்ள இருக்குற இந்த உறுத்தல் கடவுள் குடுக்குறதா, இல்ல வேற எங்கயிருந்தாவது வருதா, கடவுள் குடுக்குறதுன்னா அவரு என்கிட்ட என்ன எதிர்பாக்குறாரு. நல்ல கேள்வி. ஆனா உங்க பதிவுல இன்னொரு வரியும் இருக்கு, அதை அடைப்புக்குறிக்குள்ள போட்டு வேகமா கடந்து போயிட்டீங்க: அக்காவோட 5 பவுன் நகையை கடை அட்வான்சுக்காக வாங்கி அடகு வச்சேன், அது மூழ்கிப்போச்சு, அக்கா இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. பதில் சொன்னவங்க யாரும் இதைக் கண்டுக்கவே இல்ல, எல்லாரும் அப்பாவைப் பத்தியே ஆறுதல் சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் ரெண்டையும் பேசப் போறேன், ரெண்டாவதைக் கொஞ்சம் கூடவே.

நான் யாருன்னு ஒரு வார்த்தை. அரசரடி இறையியல் கல்லூரியில படிச்சுட்டு, உசிலம்பட்டி பேரையூர் பக்கம் கிராமச் சபைகள்ல ஊழியம் பாத்துட்டு, அப்புறம் ரொம்ப வருஷம் ஆஸ்பத்திரி சாப்ளினா இருந்தவன். வார்டு வார்டா போயி நோயாளிகளோடயும் கூட இருக்குறவங்களோடயும் பேசி ஜெபிக்கிற வேலை, பாதி நேரம் பேச்சு கூடக் கிடையாது, ஐசியூ வாசல் பெஞ்சுல அவங்க பக்கத்துல சும்மா உக்காந்திருக்கிறதுதான். நான் டாக்டர் இல்ல, மனநல மருத்துவரும் இல்ல. அதனால எதை உறுதியா சொல்றேன், எது என் அனுபவத்துல தோணுனது, எதைச் சொல்றதுக்கு எனக்கு வக்கு இல்லைன்னு அங்கங்க பிரிச்சே சொல்லிட்டுப் போறேன்.

மொதல்ல அந்தக் கையெழுத்து. நீங்க செஞ்சது கொலை இல்ல. இதை உங்களை ஆத்துறதுக்காகச் சொல்லல. 1957 நவம்பர்ல, சுவாச மெஷின் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து ரொம்ப காலம் ஆகாத நேரத்துல, மயக்க மருந்து டாக்டருங்க உங்க கேள்வியையேதான் போப் 12-ம் பயஸ்கிட்ட கேட்டாங்க, தேறவே வழியில்லாத நோயாளிக்கு மெஷினை நிறுத்தலாமா கூடாதான்னு. அவர் சொன்ன பதிலோட சாரம்: உயிரைக் காப்பாத்த சாதாரண வழிகளைக் கையாள வேண்டியது கடமை, அதுக்கு மேல அசாதாரணமான வழிகளையெல்லாம் கையாளணும்னு கட்டாயம் கிடையாது, அந்த முயற்சி குடும்பத்தால தாங்க முடியாத பாரமாப் போனா நிறுத்தச் சொல்லிக் கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, டாக்டரும் நிறுத்தலாம், அது கருணைக்கொலைக் கணக்குல வராது. 1992-ல வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையேதான் சொல்லுது, இங்க யாரும் மரணத்தை விரும்பிக் கொண்டு வரல, நம்மால தடுக்க முடியலைங்கிறதை ஏத்துக்கிறோம், அம்புட்டுதான். நீங்க சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை), போப்பு சொன்னா எனக்கென்னன்னு கேக்கலாம். உயிர் விஷயத்துல இருக்குறதுலயே கறாரான சபையே இப்படிச் சொல்லிருக்குன்னு காட்டத்தான் அதை எடுத்தேன். நம்ம நாட்டுலயும் 2018 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு, தேற வழியில்லாதவங்களுக்கு உயிர்காக்கும் கருவியை நிறுத்துறதை வழிமுறைகளோட ஏத்துக்கிட்டாங்க. சட்டம் ஏத்துக்கிட்டதாலேயே மனசாட்சி ஏத்துக்கும்னு சொல்ல வரல, அது வேற கணக்கு.

'காசு இருந்திருந்தா இன்னும் வச்சிருப்பேனே, அப்ப காசுக்காகத்தானே கையெழுத்துப் போட்டேன்' அப்படின்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அந்த வரிதான் நெஞ்சுல தைச்சுச்சு. ஐசியூ பெஞ்சுல இதைச் சொல்லி அழாத மகனை நான் பாத்ததே கம்மி. தாலியை வித்துட்டு வந்து நிக்கிறவங்க, ஆட்டுக்குட்டி எல்லாத்தையும் வித்துட்டு வந்து நிக்கிறவங்க, வட்டிக்கு வாங்கி அந்த வட்டிக்கு இன்னொரு வட்டி கட்டுறவங்க எல்லாரும் கடைசியில இதைத்தான் சொல்லுவாங்க. குடும்பத்துப் பாரம்னு 12-ம் பயஸ் சொன்னதுல பணமும் அடக்கம்னுதான் நான் எடுத்துக்கிறேன், பணம் தீர்றதும் ஒரு எல்லைதான், மனுசனுக்கு எல்லை இருக்குறது பாவம் கிடையாது. ஏழையா இருக்குறது குத்தம்னு பைபிள்ல எங்கயும் எழுதல.

அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு நீங்க சொல்லாமலே எனக்குத் தெரியும், அந்த மாதிரி ஆம்புலன்ஸ்ல நானும் போயிருக்கேன். டியூபை எடுக்காம அப்படியே ஏத்துவாங்க, பின்னாடி ஒரு சின்னப் பையன் உக்காந்து ஆம்பு பையை (கையால மூச்சுக் குடுக்குற பை) அமுக்கிக்கிட்டே வருவான், ரோட்டுல பள்ளம் வந்தா அவன் கை ஒரு நொடி நிக்கும், உங்க உசிரும் கூடச் சேந்து நிக்கும். வீட்டு வாசல்ல அதுக்குள்ள நாற்காலி போட்டுருப்பாங்க, டியூப்லைட் கட்டிருப்பாங்க. கட்டில்ல கிடத்தி டியூபை எடுக்கும்போது கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது யாரு, மகன். கையெழுத்துப் போட்டதும் அதே கை. அதனாலதான் மனசு ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுக்குது. அதுக்கப்புறம் துட்டி கேக்க வர்றவங்க ஆரம்பிப்பாங்க, 'இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்தா எந்திரிச்சிருப்பாரே, எங்க பெரியப்பா இருபது நாள் கழிச்சு எந்திரிச்சு உக்காந்து காப்பி கேட்டாருல்ல'. இந்தப் பெரியப்பா எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருக்காரு, நான் பாக்காத துட்டி வீடு இல்ல, இவரைப் பத்திக் கேக்காத துட்டி வீடும் இல்ல. சொல்றவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, வந்த இடத்துல ஏதாவது பேசணுமேன்னு பேசுறாங்க. ஆனா அந்த வார்த்தை உங்க காதுக்குள்ள தீர்ப்பா எறங்கிருச்சு.

இது என் அனுபவத்துல தோணுனது, வசனம் இல்ல: சாவு முன்னாடி நம்மால ஒண்ணும் பண்ண முடியலைங்கிறதைத் தாங்குறதை விட, 'நான்தான் பண்ணுனேன்'னு பழியை ஏத்துக்கிறது மனசுக்கு லேசா இருக்கு. பழி என் மேலன்னா, அப்ப நான் வேற மாதிரி நடந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு, உலகம் என் கைக்குள்ளதான் இருந்துச்சுன்னு ஒரு நெனப்பு மிஞ்சுது. துக்கம் குத்த உணர்ச்சி வேஷம் போட்டுக்கிட்டு வரும். வெளிய பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், தூக்கம் போகும், சாப்பாடு எறங்காது, ஜெபம் வராது. ஆனா துக்கத்துக்கு அழுதா தீரும், பாவ அறிக்கை சொன்னா தீராது. நீங்க எத்தனையோ தடவ அறிக்கை பண்ணியும் ஆறலைன்னா, மன்னிப்பு கிடைக்கலைன்னு அர்த்தம் பண்ணிக்க வேணாம், அங்க மன்னிக்கிறதுக்கே ஒண்ணும் இல்லாம இருக்கலாம். அப்பாவுக்காக நல்லா அழுதீங்களா தம்பி? மூத்த மகன்னு எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுப் பாத்திருப்பீங்க, கல்லறைக்கு ஆள் சொல்லி, மைக்செட் சொல்லி, வந்தவங்களுக்கு டீ சொல்லின்னு.

சொல்றதுக்கு எனக்கு வக்கு இல்லாததும் ஒண்ணு இருக்கு. இன்னும் பத்து நாள் வச்சிருந்தா அப்பா பொழைச்சிருப்பாரா, அதை யாராலும் சொல்ல முடியாது, அந்தப் பெரியப்பா கதை சொல்றவங்களாலயும் முடியாது. அப்புறம் கையெழுத்துப் போடும்போது உங்க மனசுக்குள்ள என்ன ஓடுச்சுங்கிறது உங்களுக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். அப்பா மேல பழைய கோவம் இருந்துச்சு, சீக்கிரம் முடிஞ்சா போதும்னு ஒரு நொடி தோணுச்சுன்னா, அதைப் பேர் சொல்லி அறிக்கை பண்ணுங்க, மன்னிப்பு உண்டு. ஆனா பதினோரு நாள் ராத்திரி பகலா முழிச்சிருந்த மனுசனுக்கு 'முடிஞ்சா போதும்'னு தோணுறதுக்கும் அப்பாவைக் கொல்ல நினைக்கிறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இப்ப அடைப்புக்குறிக்குள்ள இருந்த அக்கா நகைக்கு வர்றேன். ஆஸ்பத்திரியில இருந்ததுல கத்துக்கிட்டது, மாரடைப்பு வந்தவங்க நெறைய பேரு இடது கை வலிக்குது, தாடை வலிக்குதுன்னுதான் சொல்லிட்டு வருவாங்க, கைக்குத் தைலம் தேச்சுட்டு வந்தவங்க கூட உண்டு. வலிக்கிற இடம் ஒண்ணு, கேடு இருக்குற இடம் வேற. உங்களுக்கு அப்பா விஷயம் வலிக்குது, ராத்திரி தூங்க விட மாட்டேங்குது, ஆனா குத்தம்னு சொல்லத்தக்க ஒண்ணு எங்க இருக்குன்னு தேடுனா எனக்கு அக்கா நகையிலதான் கிடைக்குது. நான் நெறைய பேருகிட்ட இதைப் பாத்திருக்கேன், பெருசா கதறுற விஷயத்துல ஒண்ணும் இருக்காது, 'அது கெடக்கட்டும்'னு தள்ளி வச்ச சின்ன விஷயத்துலதான் கடன் நிக்கும். உங்க மனசாட்சி சரியாத்தான் அடிக்குது, அட்ரஸ் மட்டும் மாறிப்போச்சு.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, கடவுள் உணர்த்துறது எப்படி இருக்கும்னு பைபிள்ல பாத்தா, அது ஆளைப் பாத்து, செயலைச் சுட்டி நேரா வருது. தாவீது ராஜா உரியாவோட மனைவியை எடுத்துக்கிட்டு உரியாவைச் சாகவும் வச்சப்ப, நாத்தான் தீர்க்கதரிசி அவர்கிட்ட வந்து 'நீ பொதுவா மோசமான ஆளு'ன்னு சொல்லல, ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, 'நீயே அந்த மனுஷன்'னு சொல்லி, உரியாவோட பேரைச் சொல்லி, என்ன செஞ்சன்னு வரிசையா சொன்னாரு. என்ன செஞ்சேன், யாருக்குச் செஞ்சேன், என்ன திருப்பிக் குடுக்கணும்னு மூணுக்கும் பதில் இருந்தா அந்த உறுத்தலைத் தட்டிக் கழிக்காதீங்க. பதிலே இல்லாம நீ பாவி நீ பாவின்னு ராப்பகலா கத்துனா, அது யாரு குரல்னு நான் யோசிப்பேன். வெளிப்படுத்தல் 12-ல சகோதரர் மேல ராப்பகலா குத்தம் சுமத்துறவன்னு ஒருத்தனைச் சொல்லுது, அவன் பேரு கர்த்தர் இல்ல. (இந்த அளவுகோலுக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கு, கீழ சொல்றேன்.)

திருவிருந்துக்குப் போக பயமா இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதுலயே விடையும் இருக்கு. நம்ம சனங்க எல்லாரையும் பயமுறுத்துற வசனம் 1 கொரிந்தியர் 11, 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாத விதமா, புசிச்சா தண்டனைன்னு. ஆனா அதுக்கு முன்னாடி பத்து வசனம் வாசிங்க. அந்தக் கடிதத்தை எழுதுன பவுல் எதுக்குக் கோவிக்கிறாரு? வசதியானவங்க முந்திக்கிட்டு வயிறு நெறைய சாப்பிடுறாங்க, இல்லாதவங்க பசியோட பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, அதுக்குத்தான். கூடப் பொறந்தவனுக்குத் துரோகம் பண்ணிட்டு அப்பத்துக்குக் கையை நீட்டாதேங்கிறதுதான் அங்க பேச்சு. அதோட இயேசு மத்தேயு 5:23-ல சொன்னதைச் சேத்து வாசிங்க, காணிக்கையோட பலிபீடத்துக்கிட்ட வந்தப்ப உன் சகோதரனுக்கு உன் மேல குறை உண்டுன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சிட்டுப் போயி மொதல்ல அவனோட ஒப்புரவாகிட்டு வா. கவனிங்க, உனக்கு அவன் மேல குறை இருந்தாங்கிறதில்ல, அவனுக்கு உன் மேல குறை இருந்தா. நம்ம ஆராதனையில திருவிருந்துக்கு முன்னாடி சமாதானம் சொல்லி வரிசையா கையைக் குடுத்துட்டு வர்றோமே, அதோட வேரும் இதுதான். இப்ப அது ஞாயித்துக்கிழமை வணக்கம் மாதிரி ஆகிப்போச்சு, அது தனிக் கதை.

அப்பா பேர்ல சர்ச்சுக்கு ரெண்டு ஃபேன் வாங்கிக் குடுத்ததா எழுதியிருக்கீங்க. றெக்கையில பேர் எழுதிருக்கும், சுத்தும்போது வாசிக்க முடியாது, கரண்டு போனாத்தான் தெரியும். கேலி பண்ணல, நல்ல காரியம்தான், ஆனா மனசு என்ன பண்ணுதுன்னு பாருங்க: அக்காவுக்குக் குடுக்க வேண்டியதைக் கர்த்தருக்குக் குடுத்து நேர் பண்ணப் பாக்குது. மாற்கு 7-ல கொர்பான்னு ஒரு பேச்சு வருது, அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை 'இது கடவுளுக்குக் காணிக்கை'ன்னு சொல்லித் தப்பிச்சவங்களை இயேசு நல்லா கேக்குறாரு. வேளாங்கண்ணிக்கு நடக்குறதோ உபவாசக் கூட்டத்துல சாட்சி சொல்றதோ எதுவும் மனுசனுக்குக் குடுக்க வேண்டிய கடனைத் தீர்க்காது. தாவீது 51-ம் சங்கீதத்துல 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக'ன்னு பாடுனதைப் பிடிச்சுக்கிட்டு, நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டேன், அவர்கிட்ட மட்டும்தான் கணக்குன்னு சொல்றவங்களும் உண்டு. உரியா செத்துட்டாரு, தாவீதால அவருக்குத் திருப்பிக் குடுக்க முடியல. உங்க அக்கா உசிலம்பட்டியில உசுரோட இருக்காங்க, பஸ் ஏறுனா ஒரு மணி நேரம்.

எவ்வளவு குடுக்கணும்னு கேட்டா, லேவியராகமம் 6-ம் அதிகாரம் கிட்டத்தட்ட உங்க கேஸைத்தான் பேசுது. ஒருத்தன் நம்பி ஒப்படைச்ச பொருளை ஏமாத்திட்டா, மொதலை முழுசாக் குடுத்து, அதோட அஞ்சுல ஒரு பங்கு கூட்டி, உடையவன் கையில குடுக்கணும், அதுக்கப்புறம்தான் பலி. 5 பவுனுக்கு 6 பவுன். இயேசுவைச் சந்திச்ச வரி வசூல்காரன் சகேயு அதுக்கும் மேல போயி நாலு மடங்கு தர்றேன்னான். கிறிஸ்தவங்களுக்கு இந்த அஞ்சுல ஒண்ணு இன்னும் சட்டமாங்கிறதுல ஒரே கருத்து கிடையாது, பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணம்னு பெரும்பாலான சபைங்க அப்படியே பிடிக்கிறதில்ல, நானும் 6 பவுன் குடுத்தே ஆகணும்னு சொல்ல மாட்டேன். ஆனா மொதலைத் திருப்பணும்ங்கிறதுல எந்தச் சபைக்கும் ரெண்டு கருத்து இல்ல. அப்புறம் இன்னொண்ணு, அடகு வச்ச அன்னைக்கு என்ன ரூவா வாங்குனேனோ அதைக் குடுத்துர்றேன்னு கணக்குப் போடாதீங்க. நீங்க வாங்குனது ரூவா இல்ல, தங்கம். 40 கிராம் வாங்குனீங்க, 40 கிராம் குடுங்க. இன்னைக்கு விக்கிற விலைக்கு அது எம்புட்டு பெரிய தொகைன்னு எனக்கும் தெரியும், அக்காவுக்கும் அதே விலைதான் இன்னைக்குக் கடையில.

அக்கா ஒரு வார்த்தை கேக்கலைங்கிறதை ஏதோ மன்னிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா நம்ம பக்கம் கட்டிக் குடுத்த பொண்ணு பொறந்த வீட்டுல எதையும் கேக்க மாட்டா, கேட்டா தம்பி மூஞ்சி மாறிரும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் இல்லாமப் போயிரும்னு பயம். நகை எங்கன்னு புருசன் வீட்டுல கேக்குறப்ப எல்லாம் லாக்கர்ல இருக்கு, பாலிஷுக்குக் குடுத்திருக்குன்னு எத்தனை பொய் சொல்லிருக்காங்களோ, கல்யாண வீட்டுக்கு யார்கிட்ட இரவல் வாங்கிப் போட்டாங்களோ. பேசாம இருக்குறதை மன்னிப்புன்னு எடுத்துக்கிறது நமக்கு வசதி, அம்புட்டுதான்.

பேரையூர் பக்கம் ஒரு பெரியவர், பேரு ஊரு வேணாம், நுரையீரல் கெட்டுப்போயி கடைசி நாள்ல இருந்தாரு. பாவ மன்னிப்பு ஜெபம் பண்ணுங்கய்யான்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு, பண்ணிட்டு வந்தா மறுநாள் திரும்பக் கூப்பிடுவாரு. ஒருநாள் என்னய்யா அது சொல்லுங்கன்னு கேட்டப்ப, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை ராத்திரியோட ராத்திரியா வெட்டித் தள்ளிப் போட்டேன்னாரு. உபாகமம் 27-ல அதுக்கு ஒரு சாபம் இருக்கு, அதைச் சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல கேட்டுருக்காரு. ஜெபத்தை நிப்பாட்டிட்டு அவரு மகனை அனுப்பி அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். வந்து நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த மனுசன் சொன்னாரு, 'மறுநாளே தெரியும்ணே, மம்பட்டி தடம் புதுசா இருந்துச்சே'. ஏன் கேக்கலைன்னா, 'நீயா வருவன்னு பாத்தேன், வரல, அப்புறம் விட்டுட்டேன்'. வரப்பைப் பழையபடி போடச் சொல்லி மகன்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. வீட்டுல பொம்பளைங்களுக்கு இதுல கொஞ்சம் மனத்தாங்கல், மண்ணு போகுதுல்ல. பெரியவர் அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடல, ஆளு விட்டும் அனுப்பல, நானா போனப்ப வேற விஷயம் பேசுனாரு, மழை பத்தி.

மன்னிச்சாரான்னு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே, அதுக்கு நேர்ப் பதில்: உங்க மனசு லேசாச்சா இல்லையாங்கிறதை வச்சுத் தெரிஞ்சுக்க முடியாது. 1 யோவான் 1:9-ல நம்ம பாவங்களை அறிக்கையிட்டா மன்னிக்க அவரு உண்மையும் நீதியும் உள்ளவர்னு இருக்கு, நம்ம ஃபீலிங்கைப் பத்தி அதுல ஒரு சொல்லு கிடையாது. கத்தோலிக்க நண்பர்களுக்கு ஒரு வசதி உண்டு, பாவசங்கீர்த்தனத்துல சாமியார் வாயால மன்னிப்பைக் காதுல கேட்டுருவாங்க. நமக்குப் பொது அறிக்கையும் ஐயர் (நம்ம போதகர்) சொல்ற பொது மன்னிப்பும்தான், கூட்டத்தோட கூட்டமா போயிரும். எது சரிங்கிற சண்டை 1500-கள்ல ஆரம்பிச்சது, இன்னும் தீரல, இங்க தீர்க்க முடியாது. ஆனா ஒரு மனுசன்கிட்ட வாய் திறந்து சொல்லணும்னு தோணுனா நம்ம சபையிலயும் தடை இல்ல, நம்பிக்கையான போதகர்கிட்ட தனியாப் போயி சொல்லலாம், யாக்கோபு 5-லயே ஒருத்தருக்கொருத்தர் அறிக்கையிடுங்கன்னு இருக்கு. நம்பிக்கையானவர்னு சொன்னதை அழுத்தி வாசிங்க, அடுத்த வார பிரசங்கத்துல உங்களை உதாரணம் ஆக்குறவருகிட்ட போயிராதீங்க. இயேசுவைக் காட்டிக் குடுத்த யூதாஸ் கூட முப்பது வெள்ளிக்காசைத் தூக்கிக்கிட்டு ஆசாரியங்ககிட்டதான் போனான், குத்தமில்லாத ரத்தத்தைக் காட்டிக் குடுத்துட்டேன்னு தெளிவா அறிக்கையும் பண்ணுனான், அவங்க சொன்னது, 'எங்களுக்கென்ன, அது உன்பாடு'. அவன் காட்டிக் குடுத்த அதே ராத்திரி சீஷன் பேதுருவும்தான் இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்சாரு, ஆனா அழுதுட்டு மத்த சீஷங்க கூடத்தான் இருந்தாரு, மீன் பிடிக்கவும் அவங்களோடதான் போனாரு, கரையில இயேசு அவரைக் கண்டுபிடிச்சாரு. பரவாயில்ல விடுன்னு இயேசு சொல்லல, மூணு தடவ கேட்டு, மூணு தடவயும் வேலை குடுத்தாரு. தனியா மட்டும் இருக்காதீங்க.

மேல சொன்ன விதிவிலக்கு. சில பேருக்கு உறுத்தல் ரொம்பத் தெளிவா, பேரோட ஊரோட வரும், ஆனாலும் அது நோய்தான். பின்னாடி இயேசு சபையை ஆரம்பிச்ச லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல ஸ்பெயின்ல மன்ரேசாவுல இருந்தப்ப பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப நோண்டி, திரும்பத் திரும்ப சங்கீர்த்தனம் பண்ணி, சாகணும்ங்கிற நெனப்பு வரைக்கும் போயிட்டாரு. ரெண்டு வைக்கோல் சிலுவை மாதிரி கெடந்ததை மிதிச்சுட்டு அது பாவமோன்னு வாதாடுற மனசைப் பத்திப் பின்னாடி அவரே எழுதிருக்காரு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தரும் மடத்துல மணிக்கணக்கா பாவ அறிக்கை பண்ணி, கேக்குறவரை அலுக்க வச்சவர்தான். அந்தக் காலத்துல இதுக்கு ஆன்மீகப் பேரு மட்டும்தான் இருந்துச்சு, இப்ப ஓசிடின்னு (விடாம திரும்பத் திரும்ப ஒரே நெனப்பு வந்து ஆட்டுற நோய்), மன அழுத்தம்னு டாக்டருங்க மருந்து குடுத்துப் பாக்குறாங்க, நல்லாவும் ஆகுது. உங்களுக்கு அது இருக்கா இல்லையான்னு ஒரு பதிவை வச்சு நான் சொன்னா அது அயோக்கியத்தனம். ஆனா ஒன்றரை வருஷமா தூக்கம் சரியில்ல, எடை கொறைஞ்சிருச்சு, கடையைத் திறக்கவே பிடிக்கலைன்னு எழுதியிருக்கீங்க, அதனால ஒருக்க டாக்டரைப் பாத்துருங்க. மதுரை பெரியாஸ்பத்திரியிலயே (அரசு ஆஸ்பத்திரி) மனநலப் பிரிவு இருக்கு, காசு செலவில்ல. உசுரோட இருந்து என்னத்துக்குன்னு எப்பவாவது தோணுனா அன்னைக்கே 14416-க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பாங்க. விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு யாராவது சொன்னா, அவங்க சுகருக்கு என்ன பண்றாங்கன்னு கேளுங்க.

நகை விஷயத்துல என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டு முடிக்கிறேன். போன்ல சொல்லாதீங்க, நேர்ல போங்க, அக்கா தனியா இருக்குற நேரமாப் பாத்து. மச்சானுக்கு இது தெரியுமா தெரியாதான்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க மனசு ஆறணும்னு உண்மையை எல்லார் முன்னாடியும் போட்டு ஒடைச்சா அடி வாங்குறது அக்காவா இருக்கும், யாருக்கு எப்பச் சொல்றதுங்கிறதை அவங்களே முடிவு பண்ணட்டும். என் நெலமை இப்படி, அப்பா செலவு அப்படின்னு ஆரம்பிக்காதீங்க, கடை அட்வான்சுக்குத்தான் வாங்குனீங்க, அதை அப்படியே சொல்லுங்க. மொத்தமாத் திருப்ப முடியாதுன்னா மாசாமாசம் எத்தனை கிராம் உங்களால முடியும்னு வீட்டுக்காரம்மாவோட உக்காந்து கணக்குப் போட்டுட்டு அப்புறம் வாக்குக் குடுங்க, முடியாத வாக்குக் குடுத்தா இன்னொரு கடன். தேதி போட்டு எழுதிக் குடுங்க, உங்களுக்கு ஏதாவது ஆனாலும் அது நிக்கும். கடன் வாங்கித் திருப்பாதீங்க. அக்கா வேணாம்னு சொல்லலாம், அழுவாங்க, 'நீ நல்லா இருந்தா போதும்டா'ன்னு சொல்லுவாங்க, அதைக் கேட்டதும் தப்பிச்சோம்டான்னு எந்திரிச்சு வந்துராதீங்க, பவுன் பவுனா சேத்து அக்கா பேர்லயோ அக்கா மக பேர்லயோ லாக்கர்ல வச்சிட்டு சாவியைக் குடுங்க. கோவத்துல பேசவும் செய்யலாம், அஞ்சாறு வருஷத்துக் கோவம், அன்னைக்கே மன்னிச்சேன்னு அவங்க வாயில இருந்து வரணும்னு எதிர்பாக்காதீங்க, அது அவங்க உரிமை. மொத தவணையைக் குடுக்குற வரைக்கும் திருவிருந்துக்குக் காத்திருக்கணுமான்னு கேப்பீங்க. வேண்டியதில்ல, உசிலம்பட்டிக்குப் போயிட்டு வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை போயி முழங்கால் போடுங்க.